நாலு கிலோமீட்டர் தண்ணீர்

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதர் பொம்மைப்படம் பார்க்கிறார் என்றால் ஊர் சும்மா விடுமா? ரெத்தினத்தை விடவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே குடமுருட்டியிலிருந்து பிரிகிற கோணவாய்க்காலில், மேலக்குடிக்காட்டு ஷட்டருக்கு அவர்தான் லஸ்கர். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கீழே இருக்கிற முந்நூறு ஏக்கருக்குத் தண்ணீரைப் பங்கு வைப்பது, எவனாவது திருட்டு மடை வைத்தால் தேடிப் பிடித்துத் திட்டுவது, இவ்வளவுதான் வேலை. திட்டுவதில் அவருக்கு ஒரு பெயரே இருந்தது. அப்படிப்பட்ட ஆள் ஷட்டர் மேடையில் உட்கார்ந்து, போனில் ஜப்பான்காரன் வரைந்த படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அவர் காதில் விழுந்தும் அவர் கவலைப்படவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. லஸ்கர் வேலையில் முக்கால்வாசி காத்துக்கிடப்பதுதான். தண்ணீர் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தபின் அளவுகோலில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மகள் செம்மொழி போனில் ஏற்றிக்கொடுத்த தொடர் அது. மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊர், ஊருக்கு மேலே ஒரு அணை, அணையில் மதகு திறக்கும் ஒருவன், அவனுக்கு ஒரு பெண். சாயங்காலமானால் அந்தப் பெண் ஆற்றுக்குள் இறங்கி ஒரு தட்டைப் பாறையில் நின்று அப்பா வருகிறாரா என்று பார்ப்பாள். ஒருநாள் அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு பகுதிகளும் அவர் என்ன ஆனார் என்பதுதான். கடைசிப் பகுதியில் மதகு தானாகத் திறக்கும், தண்ணீர் வரும், அவள் பாறையைவிட்டு நகர மாட்டாள். தண்ணீர் பாறையின் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்விடும். அவள் பாதம்கூட நனையாது.

"நம்ம வேலைய எவன் படத்துல காட்டியிருக்கான், சொல்லு" என்பார் ரெத்தினம். தொடருக்கு என்னவோ ஒரு ஜப்பானியப் பெயர் உண்டு. அவர் அதற்கு 'மதகுக்காரன் மகள்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கடைசிப் பகுதியை மட்டும் பதினோரு முறை பார்த்திருக்கிறார்.

செம்மொழி அவருக்கு ஒரே பெண். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆனி பிறக்கும்போது மேட்டூர்த் தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வரும். வருகிற முதல் தண்ணீரை யாரும் கரையில் நின்று பார்க்க மாட்டார்கள். காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்று எதிர்கொள்வார்கள். நுரையையும் சருகையும் எறும்புக்கூட்டத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரும். காலைத் தொட்டதும் பூவும் விதைநெல்லும் தூவி, அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். லஸ்கர் வீட்டுப் பிள்ளை என்பதால் முதல் ஆளாக நிற்கும் உரிமை செம்மொழிக்கு. மூன்று வயதிலிருந்து நின்றாள். தண்ணீர் விரலைத் தொட்டதும் "வந்துருச்சுப்பா" என்று கத்துவாள், அவர் மேலே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். நர்சிங் படிக்கும்போதுகூட அந்த ஒரு நாளுக்குத் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள்.

பிறகு அவள் சென்னையில் பத்து மாதம் ஜப்பானிய மொழி படித்து, ஜப்பானில் ஒரு மலையோரச் சிற்றூரில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே போன மூன்றாம் மாதம் அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மதகுக்காரன் மகளின் ஊர் வரைந்தவன் கற்பனை இல்லையாம். அவள் இருக்கிற இடத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானாம். படத்தில் வருகிற ஸ்டேஷன், கோயில் படிக்கட்டு, முடிவெட்டும் கடை எல்லாம் அப்படியே இருக்கின்றனவாம். ரசிகர்கள் கையில் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் நிற்கிறார்களாம், அதற்குத் தலயாத்திரை என்றே பெயராம்.

ரெத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. தொடரை மறுபடி முதலிலிருந்து ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பதினாலு காட்சிகளைப் படமாக எடுத்து மகளுக்கு அனுப்பினார். பதினாலாவது அந்தப் பாறை. அதைப் பட்டியலில் சேர்த்தது அவர்தான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் ஊருக்கு இது தெரியாமலே போயிற்று.

அவள் விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாகப் போனாள். போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள், அவர் இங்கிருந்து நிறுத்துவார். அளவுகோலில் அரை அங்குலம் தப்பினாலும் ஒத்துக்கொள்ளாத கண் அவருடையது. "கடிகாரம் கம்பத்துக்குப் பின்னால தெரியணும்மா. இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்" என்பார். அவள் நகர்வாள். ஸ்டேஷன் பெஞ்சுக்கு நாலு படம், படிக்கட்டுக்கு ஒன்பது படம் எடுத்தாள். சரியாக அமைந்த படத்தை அவர் கடையில் பிரிண்ட் போட்டு, தொடரின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் ஒட்டிவைத்தார். ஸ்டேஷனில் வருகிறவர்கள் எழுதிவைக்க ஒரு நோட்டு இருந்ததாம். அதில் செம்மொழி தமிழில், 'மேலக்குடிக்காட்டு மதகுக்காரன் மகள் வந்தேன்' என்று எழுதி அதையும் படம் எடுத்து அனுப்பினாள். அவர் அதைக் காட்டாத ஆள் ஊரில் இல்லை.

அவர் மனைவி ராமாயிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. லீவு நாளில் தூங்க வேண்டிய பெண்ணை இப்படி அலையவிடுகிறாரே என்று முணுமுணுப்பாள். பாறைப் படத்தைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுக்குள் இறங்காமல் இதை எடுக்க முடியாதா என்று கேட்டாள். தண்ணீர்க்காரனுக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷம் ஆச்சு, உனக்கு இன்னும் தண்ணீரைக் கண்டால் பயம் போகவில்லையே என்று அவர் சிரித்தார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செம்மொழிக்குப் பாறைக்குப் போக நாள் அமைந்தது ஆனி மூன்றாம் தேதி. அதே நாள்தான் இங்கே கோணவாய்க்காலுக்குத் தண்ணீர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பு ஷட்டரைக் காலை எட்டு மணிக்குத் திறந்துவிட்டதாகப் போன் வந்தது. தலைப்பிலிருந்து ரெத்தினத்தின் ஷட்டருக்கு நாலு கிலோமீட்டர். நாலு மாதமாக வெடித்துக் கிடக்கிற மண். அது குடித்து, நிரம்பி, அதன்மேல்தான் தண்ணீர் நகர வேண்டும். பதினொன்றரைக்கு முன்னால் வராது என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் அந்தக் கணக்கு கால் மணி நேரத்துக்கு மேல் தப்பியதில்லை.

பத்தரை மணிக்கு ஷட்டர் மேடையில் அவர் தனியாக இருந்தபோது செம்மொழி கூப்பிட்டாள். அங்கே இரண்டு மணி. மேகமூட்டமாக இருந்தது. முந்தின நாள் மலையில் நல்ல மழையாம். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. கல்லில் கல் தாண்டி நடு ஆற்றுக்குப் போனாள். தட்டைப் பாறை அப்படியே இருந்தது, ஒரு மூலை உடைந்திருந்தது வரைக்கும். ரெத்தினத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

படத்தில் அந்தப் பெண் பாறையில் நிற்க, பின்னால் சிவப்புப் பாலத்தின் தூண் பாதி மறைந்து பாதி தெரியும். செம்மொழி ஒரு சின்னக் கம்பு ஸ்டாண்டைக் கற்களுக்கிடையே நட்டுப் போனை அதில் மாட்டினாள். பாறையில் நின்றபடி கையிலிருக்கிற சின்னப் பட்டனை அழுத்துவாள்; அப்போது வீடியோ அவருக்கு அசையாமல் நிற்கும், அவள் குரல் மட்டும் கேட்கும், பிறகு படம் தானாக வந்து விழும். முதல் படத்தில் தூண் முழுசாகத் தெரிந்தது. இரண்டாவதில் அவள் தலை தூணை மறைத்தது. அவர் சொல்லச் சொல்ல ஸ்டாண்டைத் தள்ளி நட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆலைச் சங்கு மாதிரி, நீளமாக, மலைக்கு மலை திரும்பி வந்தது. அது நின்றதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாக ஏதோ சொன்னது.

"என்னம்மா அது?"

"அணையிலேர்ந்து தண்ணி விடப்போறாங்களாம்ப்பா. ஆத்துல இருக்குறவங்க உடனே கரைக்கு ஏறணுமாம். மேல போர்டுகூட போட்டிருக்கு, வரும்போது பாத்தேன்." அவள் ஸ்டாண்டைப் பிடுங்கக் கை வைத்தாள். "நான் ஏறிடுறேன்ப்பா. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

"அணை எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு."

ரெத்தினம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "நாலு கிலோமீட்டரா? இங்க எட்டு மணிக்குத் தொறந்த தண்ணி இன்னும் வந்து சேரல. உனக்குத் தெரியாததா? அது வர்றதுக்குள்ள நீ சோறு தின்னுட்டே வரலாம். நில்லும்மா. இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்."

அவள் ஒரு நிமிஷம் மேலாற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மூன்று வயதிலிருந்து தண்ணீருக்கு எதிரே நின்று பழகியவள், அதுவும் அப்பா சொல்கிறார். ஸ்டாண்டை இடப்பக்கம் நட்டுவிட்டுப் பாறையில் ஏறினாள்.

படம் வந்தது. தூண் சரியாக இருந்தது. ஆனால் தொடரில் அந்தப் பெண்ணின் கை பக்கவாட்டில் தொங்கும், இவள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தொங்கவிட்டு இன்னொன்று எடு என்றார் ரெத்தினம். போதும்ப்பா என்றாள். "ஒண்ணே ஒண்ணும்மா, அப்புறம் ஏறிடு" என்றார். அவள் சரி என்றாள்.

அவர் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்கு முன்னால் ஒரு சின்னக் குட்டையில் மூங்கில் இலை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அது நகரத் தொடங்கியது. காற்று இல்லை. இலை குட்டையின் விளிம்புக்குப் போய், விளிம்பைத் தாண்டியது. தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. நுரை இல்லை, சருகு இல்லை, முன்னறிவிப்பாக எறும்புக்கூட்டம் இல்லை. அவர் அறிந்த எதையும் அது முன்னால் அனுப்பவில்லை. ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது, லாரி வருகிறதோ என்று நினைத்தார்.

கல் தண்ணீரைக் குடிக்காது. மலைச் சரிவில் தண்ணீர் நடந்து வராது. இந்த இரண்டும் அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தன. "ஏறும்மா! செம்மொழி, ஏறு!" என்று கத்தினார். திரையில் அவள் அசையாமல் நின்றாள். போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஷட்டர் மேடையில் எப்போதும் சிக்னல் அரைகுறைதான். அவர் கத்தியது போனதா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. தொடர்பு அறுந்தது. பிறகு ஒரு சின்ன ஓசையுடன் கடைசிப் படம் வந்து விழுந்தது. பாறை, பாதித் தூண், தொங்கவிட்ட கை, எல்லாம் ஒரு நூல் பிசகாமல் தொடரில் இருப்பதுபோலவே இருந்தன.

அவர் திரும்பக் கூப்பிட்டார். அழைப்பு போகவே இல்லை. நாற்பது முறைக்கு மேல் கூப்பிட்டார். நடுவே ஊர் ஜனம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. கீழ்மடை விவசாயி நாகநாதன் பூத்தட்டோடு முதலில் வந்தார், ராமாயி விதைநெல்லோடு வந்தாள், பிள்ளைகள் காய்ந்த வாய்க்காலுக்குள் குதித்தார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குத் தண்ணீர் வந்தது. நுரை தள்ளிக்கொண்டு, சாவகாசமாக, நடக்கிற பிள்ளையைவிட மெதுவாக வந்தது. என்னப்பா லஸ்கரு, சுத்து என்றார் நாகநாதன். ரெத்தினத்தின் கை சக்கரத்தைச் சுற்றியது. அவர் சுற்றவில்லை, கைதான் சுற்றியது என்று பின்னால் சொன்னார்.

மாலை நாலு மணிக்கு முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. கரையிலிருந்த ஒரு கிழவர் பார்த்திருக்கிறார். சைகை காட்டினாராம், கூப்பிட்டாராம். அவள் போனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாளாம். உடம்பு மறுநாள் ஒன்பது கிலோமீட்டர் கீழே கிடைத்தது. பதிமூன்றாம் நாள் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு விவரம் தேவைப்பட்டது. சங்கு ஊதியிருக்கிறார்கள், போர்டு இருந்திருக்கிறது, அவளுக்கு அந்த எழுத்தும் படிக்கத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் நின்றாள்? ரெத்தினம் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒருநாள் வேலை என்றுதான் முதலில் நினைத்தார். அது ஒரு வாரமாகி, மாதமாயிற்று. அவர் சொல்லாத இடத்தை ஊர் தானே நிரப்பிக்கொண்டது. போட்டோ பைத்தியம் என்றார்கள். படித்த திமிர் என்று ஒருத்தி சொன்னாள். ராமாயிக்கே அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு படிச்சவளுக்கு அந்தப் புத்தி இல்லாம போச்சே" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். சொல்லும்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தொடரை அவர் பிறகு திறக்கவில்லை. நோட்டில் பதினாலாவது பக்கத்தில் தொடரின் படம் மட்டும் ஒட்டியிருக்கிறது, பக்கத்து இடம் காலி. ஆனால் போனில் அந்தப் படம் இருந்தது. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார். ஏதாவது ஒரு பிசகு கண்ணில் படாதா என்று தேடுவார். பிசகு இருந்திருந்தால் இன்னொன்று கேட்டிருப்பேன் என்ற எண்ணம் வரும், உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

மறுவருஷம் ஆனியில் தண்ணீர் வந்தது. ஊர் திரண்டது. ராமாயியும் வந்தாள், வராமல் இருக்க முடியவில்லை என்றாள். தண்ணீர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ரெத்தினம் ஷட்டர் மேடையில் சக்கரத்தைப் பிடித்தபடி, வாய்க்காலுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று விசில் ஊதி விரட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீருக்கு இந்த ஆள் ஏன் இப்படித் துள்ளுகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு தாய் தன் பெண்ணைக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"ஏறுடி. சொல்லச் சொல்லக் கேக்காம நின்னு செத்தாளே செம்மொழி, அவள மாதிரி ஆகப்போறியா?"

அந்தத் தாய் வேண்டுமென்றே சொல்லவில்லை. அந்த ஊரில் அது அப்போது பிள்ளைகளை மிரட்டுகிற வார்த்தையாகியிருந்தது. ராமாயி தலையைக் குனிந்துகொண்டாள். ரெத்தினம் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"அவ சொன்ன பேச்சக் கேட்டுத்தான் செத்தா" என்றார். "சங்கு ஊதுனதுமே ஏறுறேன்னு சொன்னா. நான்தான் நில்லுன்னேன். நாலு கிலோமீட்டர்த் தண்ணி வர மூணு மணி நேரம் ஆகும்னேன். படம் சரியா வரட்டும்னேன்."

நாகநாதன் பூத்தட்டைக் கீழே வைத்தார். மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், சருகு சலசலக்கும் சத்தம் தொடங்கியிருந்தது. ராமாயி ஷட்டர் மேடையின் படி ஏறி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எத்தன தடவ நிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

ரெத்தினம் யோசிக்கவில்லை. அதை அவர் எண்ணி வைத்திருந்தார்.

"ரெண்டு தடவ."

ராமாயி மடியிலிருந்த விதைநெல்லை அவர் காலடியில் கொட்டிவிட்டு இறங்கினாள். காய்ந்த வாய்க்காலுக்குள் போய், மகள் வருஷா வருஷம் நின்ற இடத்தில், தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து நின்றாள். ரெத்தினம் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதத் தெரியவில்லை.